ஐந்தாம் படி பிறந்த கதை

டாக்டர் பாப் ஸ்மித்தின் வீட்டில் மதுபாட்டிலை ஒளித்துவைக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நிலக்கரித் தொட்டி, அழுக்குத் துணி போடும் குழாய், நிலவறை உத்தரத்தின் மேல்புறம், பழைய டிரங்குப் பெட்டி, சாம்பல் கொட்டும் டப்பா. மனைவி ஆன் பிற்பகலில் வெளியே கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும். அவர் திரும்புவதற்குள் சரக்கு வந்து இறங்கி, பதுக்கியும் ஆகிவிடும். சின்ன பாட்டில்களைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது இன்னொரு வழி. இருவரும் சேர்ந்து பார்க்கப் போன ஒரு சினிமாவில் நடிகர் அதே வேலையைச் செய்ய, அன்றோடு அந்த வழி அடைபட்டது. இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரத்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் அவர். 1879-ல் பிறந்தவர். காலையில் கைநடுக்கம் தெரியாமலிருக்க மயக்க மாத்திரை, பகலில் நோயாளிகள், நாலு மணிக்கு மேல் குடி. அந்தக் குடிக்குப் பணம் வேண்டும் என்பதற்காகவே மறுநாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். இந்தச் சக்கரம் 17 ஆண்டுகள் சுற்றியது.

இந்த மனிதர் ஜெபிக்காதவர் அல்ல. இரண்டரை ஆண்டுகள் வாரம் தவறாமல் ஒரு ஜெபக்குழுவுக்குப் போய்வந்தார். வேதத்தை வாசித்தார். ஆன்மிகப் புத்தகங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து குடித்தார். இவர் எப்படிக் குணமானார் என்பதற்குள்தான், இன்று உலகெங்கும் குடிநோயாளிகள் ‘ஐந்தாம் படி’ என்று சொல்லும் பாவ அறிக்கை பிறந்த கதை இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது அது. தான் செய்த தவறுகளின் உண்மையான தன்மை இன்னதென்று கடவுளிடமும், தன்னிடமும், இன்னொரு மனிதரிடமும் மறைக்காமல் ஒத்துக்கொள்வது. மூன்றில் கடைசி ஆள்தான் எல்லோருக்கும் பயம்.

இதன் வேர் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்கிறது அந்தப் பகுதி. நம் சபைகளில் எண்ணெய் பூசுவது உண்டு, ஜெபிப்பதும் தாராளமாக உண்டு. நடுவில் இருக்கும் அறிக்கையை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறோம். கத்தோலிக்கர் அதைக் குருவானவரிடம் சொல்லும் ஒப்புரவு அருட்சாதனமாகக் காத்துவந்தார்கள். புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலும் அது ஆராதனைப் புத்தகத்திலிருந்து எல்லோரும் ஒன்றாக வாசிக்கும் பொது அறிக்கையாகச் சுருங்கிவிட்டது. நூறு பேர் சேர்ந்து பாவி என்று சொல்லும்போது யாருக்கும் முகம் சிவப்பதில்லை.

அதை மறுபடி ஒருவருக்கொருவர் என்ற இடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஃபிராங்க் புக்மன். பென்சில்வேனியாவைச் சேர்ந்த லூத்தரன் போதகர். பிலடெல்பியாவில் ஏழை இளைஞர்களுக்காக ஒரு விடுதி நடத்திவந்தார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்கும்படி நிர்வாகக் குழுவினர் ஆறு பேர் நெருக்க, சண்டை முற்றி, வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குக் கிளம்பிப் போனார். மனதுக்குள் அந்த ஆறு பேர்மேல் கசப்பு. 1908-ல் இங்கிலாந்தின் கெசிக் மாநாட்டுக்குப் போன இடத்தில், ஒரு சின்ன ஆலயத்தில் ஜெஸ்ஸி பென்-லூயிஸ் என்ற பெண்மணி சிலுவையைப் பற்றிப் பேசியதைக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டம்தான். அந்த ஆறு பேர் செய்தது தவறோ சரியோ, தன் கசப்பு தன்னுடைய பாவம் என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது. தங்கியிருந்த இடத்துக்குத் திரும்பி, ஆறு பேருக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்.

ஒருவரும் பதில் போடவில்லை. ஆனால் கதை வேறு பக்கமாக நகர்ந்தது. நடந்ததை அவர் அந்த வீட்டில் இருந்தவர்களிடம் சொல்ல, அங்கே இருந்த ஒரு கேம்பிரிட்ஜ் மாணவர் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு ஏரிக்கரையோரம் நடந்தார். தன் மனதிலிருந்ததைக் கொட்டினார். ஒருவர் தன் குறையைத் திறந்து சொன்னால் கேட்பவரின் பூட்டும் திறக்கிறது என்பதைப் புக்மன் அன்று கண்டுகொண்டார். பிறகு அவருடைய ஊழியம் முழுக்க இதன்மேல்தான் நின்றது. 1915-ல் இந்தியாவுக்கும் வந்தார். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் ஐக்கியத்தை நடத்திவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. ஏமி அம்மையாரும் கெசிக் மண்ணிலிருந்து கிளம்பி வந்தவர்தான்.

புக்மனின் கூட்டாளிகளுக்கு 1928 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற பெயர் நிலைத்தது. கட்டடம் கிடையாது, உறுப்பினர் பட்டியல் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். காலையில் அமைதி நேரம்; நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு என்ற நான்கு அளவுகோல்களில் தன்னை நிறுத்துப் பார்ப்பது; தவறியதை மற்றவரிடம் சொல்வது; யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே போய் ஈடுகட்டுவது. சகேயு நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்றதைப் படித்துவிட்டு ஆமென் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதவர்கள். புக்மனின் பிந்திய கால அரசியல் பேச்சுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. கூடங்களில் நடந்த இந்த வேலையை அதற்காகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

ஆக்ரனுக்கு இந்தக் குழு வந்ததே ஒரு குடிகாரப் பிள்ளையினால். டயர் தொழிலால் கொழித்த ஊர் அது. குட்இயர், ஃபயர்ஸ்டோன் இரண்டும் அங்கே பிறந்தவை. ஹார்வி ஃபயர்ஸ்டோனின் மகன் ரஸ்ஸல் குடியில் மூழ்கியிருந்தார். 1931-ல் ஒரு ரயில் பயணத்தில் நியூயார்க் கால்வரி சபைக் குருவானவர் சாம் ஷூமேக்கரோடு தனியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி ஜெபித்து எழுந்தார்; குடியை விட்டார். நன்றிக்கடனாகத் தகப்பனார் 1933 ஜனவரியில் குழுவினரை ஊருக்கே அழைத்தார். அந்த அலையில்தான் டாக்டர் பாப்பின் மனைவி ஆன் முதலில் வந்தார். பிறகு கணவரையும் இழுத்து வந்தார்.

குட்இயரை நிறுவிய சைபர்லிங் குடும்பத்து மருமகள் ஹென்ரியட்டா சைபர்லிங்கும் இந்தக் குழுவில் ஒருவர். பெரிய மாளிகையின் வாசல்புறத்து வீட்டில் பிள்ளைகளோடு குடியிருந்தவர். டாக்டர் குடிக்கிறார் என்ற விஷயம் 1935 வசந்த காலத்தில் அவர் காதுக்கு எட்டியது. போய் புத்தி சொல்லியிருக்கலாம். ஆனுக்கு ஆறுதல் சொல்லி, நாங்கள் ஜெபிக்கிறோம் என்று முடித்திருக்கலாம். ஹென்ரியட்டா வேறொன்று செய்தார். டி. ஹென்றி வில்லியம்ஸ் தம்பதியின் வீட்டில் சிலரை மட்டும் கூட்டினார். இன்றைக்கு ஒவ்வொருவரும், சொல்வதற்கே விலை கொடுக்கவேண்டிய ஒன்றைச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. மற்றவர்கள் முதலில் பேசினார்கள். குடியைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. அவரவர் தங்கள் சொந்தக் குறையை, மானம் போகக்கூடிய அளவுக்கு, சொன்னார்கள்.

சுற்றி வந்து முறை டாக்டரிடம் நின்றது. நீங்களெல்லாம் இவ்வளவு இழந்து சொல்லிவிட்டீர்கள், நான் சொல்லப்போவது என் தொழிலையே பறித்துவிடலாம் என்று தொடங்கி, தான் யாருக்கும் தெரியாமல் குடிப்பவன், தன்னால் நிறுத்த முடியவில்லை என்றார். உமக்காக நாங்கள் ஜெபிக்கலாமா என்று கேட்டார்கள். சரி என்றார். எல்லோரும் தரை விரிப்பில் முழங்கால் போட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். நம்மிடம் சாட்சி சொல்லும் பழக்கம் இருக்கிறது. முன்பு குடித்தேன், கர்த்தர் விடுவித்தார் என்று ஒருவர் மைக் முன்னால் நின்று சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு விசுவாசம் வளர்கிறது. அதில் குறை இல்லை. ஆனால் அது காயம் ஆறிய பிறகு பேசும் பேச்சு. இப்போதும் குடிக்கிறேன், நேற்றும் குடித்தேன் என்று சொல்ல நம் கூட்டங்களில் எங்கே இடம்? மனைவிமார் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள்: கணவருடைய குடிப்பழக்கம் மாற. அந்தக் கணவர் அந்த அறையில் இருப்பதில்லை. இருந்தாலும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் பேசுவதற்கு முன்னால் அவருக்காக நாம் பேசி முடித்துவிடுகிறோம். ஆக்ரன் கூடத்தில் நடந்தது நேரெதிர். முதலில் நலமாயிருந்தவர்கள் தங்களைத் திறந்தார்கள். நோயாளிக்குத் தன் வாயாலேயே சொல்லத் தைரியம் வந்தது. ஜெபம் அதற்குப் பிறகு வந்தது.

டாக்டர் அன்றோடு குணமாகிவிட்டாரா? இல்லை. மறுபடி குடித்தார். ஜெபம் கேட்கப்படவில்லை என்று அந்தக் கூடத்தில் இருந்த யாராவது நினைத்திருந்தால் ஆச்சரியப்பட முடியாது.

சில வாரங்கள் கழித்து, மே 11-ம் தேதி சனிக்கிழமை, ஆக்ரனின் மேஃப்ளவர் ஓட்டல் வரவேற்பறையில் ஒரு நியூயார்க்காரர் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார். பெயர் பில் வில்சன். ஒரு தொழிற்சாலையின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் போட்டிக்காக வந்து தோற்றுப்போயிருந்தார். கையில் காசு சொற்பம். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பில்லின் கதையும் ஓர் அறிக்கையிலிருந்துதான் தொடங்கியது. அவருடைய பழைய குடித்தோழன் எபி தாச்சர் ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில் சேர்ந்து தெளிந்து, 1934 நவம்பரில் அவர் வீட்டுச் சமையலறை மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். ஊற்றிக் கொடுத்த மதுவைத் தொடவில்லை. அடுத்த மாதம் பில் நியூயார்க் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தபோது எபி அங்கேயும் வந்தான். படுக்கையில் இருந்தபடியே பில் தன் குறைகளை அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். தன்னால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். எபி பின்னாளில் பலமுறை மறுபடி குடிக்குள் விழுந்தான். அப்படியும் பில் கடைசிவரை அவனைத் தன் ஸ்பான்சர், அதாவது வழிகாட்டி, என்றே சொல்லிவந்தார். அறிக்கையைக் கேட்பவன் பரிசுத்தவானாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு எபியைவிடச் சாட்சி வேண்டாம்.

ஓட்டலில் நின்ற பில்லுக்கு ஒன்று தெரிந்திருந்தது: இன்னொரு குடிநோயாளியோடு பேசினால் இந்த இரவைத் தாண்டிவிடலாம். சுவரில் மாட்டியிருந்த சபைகளின் பட்டியலைப் பார்த்து வால்டர் டங்க்ஸ் என்ற குருவானவருக்கு போன் செய்தார். அவர் கொடுத்த பெயர்கள் வழியாகச் சுற்றி ஹென்ரியட்டாவிடம் வந்து சேர்ந்தார். தரை விரிப்பில் கேட்ட ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று அந்தப் பெண்மணிக்கு ஒரு கணமும் சந்தேகமில்லை. உடனே டாக்டர் வீட்டுக்குச் சொல்லியனுப்ப, அங்கே நிலைமை வேறு. மறுநாள் அன்னையர் தினம். மனைவிக்கென்று பூந்தொட்டி ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிட்டு, போதையில் நினைவு தப்பிக் கிடந்தார் டாக்டர்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு டாக்டர் ஹென்ரியட்டா வீட்டுக்கு வந்தார். பதினைந்து நிமிடம், அதற்குமேல் ஒரு நொடி கிடையாது என்று ஆனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். பேச்சு முடிந்தபோது இரவு பதினொன்றேகால். பில் அவருக்குப் போதிக்கவில்லை. நியூயார்க்கில் ஐந்து மாதம் குடிகாரர்களைத் தேடிப்போய் உபதேசித்து ஒருவரும் தேறவில்லை. உபதேசத்தைக் குறை என்று டவுன்ஸ் மருத்துவமனை மருத்துவர் சில்க்வொர்த் கண்டித்து அனுப்பியிருந்தார். ஆகவே தான் குடித்த கதையை மட்டும் சொன்னார். மறைத்த இடங்கள், சொன்ன பொய்கள், காலை நடுக்கம், பயம். குடிநோயை அனுபவித்தே அறிந்து தன்னிடம் பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று டாக்டர் பிறகு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் நண்பர்கள் அன்பாகக் கேட்டார்கள், பில் புரிந்துகொண்டார்.

இப்போதாவது நின்றுவிட்டதா? ஜூன் மாதம் மருத்துவச் சங்க மாநாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டி போனார். ரயிலிலேயே குடிக்க ஆரம்பித்து, நினைவு தப்பி, பல நாள் கழித்து வீடு சேர்ந்தார். அதற்குள் பில், ஸ்மித் குடும்பத்தோடேயே தங்கியிருந்தார். அவரும் ஆனும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். தக்காளி, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், சோளப்பாகு என்று பில்லுக்குத் தெரிந்த பத்தியம். மூன்றே நாளில் டாக்டர் ஓர் அறுவைச் சிகிச்சை செய்தாகவேண்டும்.

அன்று காலை, நடுங்கும் கை நிலைப்பதற்காக பில் ஒரு மாத்திரையும் ஒரு பாட்டில் பீரும் கொடுத்து மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். பல ஆண்டு குடித்த உடம்பில் குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்றைக்கு அதை மருத்துவர் கண்காணிப்பில் மருந்து கொடுத்துச் செய்கிறார்கள். ஜெபிக்கிறோம் என்பதற்காக இந்த மருந்தைத் தள்ளுவது விசுவாசம் ஆகாது. யாக்கோபு சொன்ன எண்ணெயும், நல்ல சமாரியன் காயத்தில் வார்த்த எண்ணெயும் அந்தக் காலத்து மருந்துதான்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று செய்தி வந்தது. டாக்டர் வரவில்லை. மணிக்கணக்காக ஆனும் பில்லும் காத்திருந்தார்கள். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்ற நினைப்புத்தான் இருவருக்கும் இருந்திருக்கும். கடைசியில் வந்தவர் குடித்திருக்கவில்லை. இத்தனை நேரமும் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்: கடன் கொடுத்தவர்களிடம், தான் ஏமாற்றியவர்களிடம், எவர் முகத்தில் விழிக்கப் பயந்தாரோ அவர்களிடமெல்லாம் போய், தான் குடிநோயாளி என்று சொல்லி, ஈடுகட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார். அதுவரை அவர் மறுத்துவந்த ஒரே காரியம் அதுதான். ஜெபக்குழுவில் சொன்னாலும் ஊரில் சொன்னால் தொழில் போய்விடும் என்ற பயம். காலையில் குடித்த அந்த பீர்தான் அவர் வாழ்நாளில் கடைசி மது. 1935 ஜூன் 10 என்று அந்த நாளைக் குறித்து, ஏ.ஏ. இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

நண்பர்கள் முன்னால் ஒருமுறை, தன்னைப்போன்ற நோயாளி முன்னால் ஒருமுறை, தான் தீங்கு செய்தவர்கள் முன்னால் ஒருமுறை. மூன்று அறிக்கைகளுக்குப் பிறகுதான் பாப் ஸ்மித் எழுந்தார். முதல் அறிக்கையும் ஜெபமும் வீணாகவில்லை. அதில்லாமல் ஹென்ரியட்டாவுக்கு யாரைக் கூப்பிடுவதென்று தெரிந்திருக்காது, பில் வந்தும் பயனிருந்திருக்காது. குணமாவதற்கு நாள் பிடித்தது. ஒரே இரவு ஜெபத்தில் எல்லாம் மாறிவிடவேண்டும் என்று நெருக்கப்பட்டு, மாறாததால் விசுவாசமற்றவன் என்று பட்டம் வாங்கிக்கொண்டு சபையை விட்டே போய்விட்டவர்களை நினைத்தால் எனக்கு இந்தப் பகுதி கனக்கிறது.

இரண்டு பேர் மூன்றானார்கள். ஆக்ரன் நகர மருத்துவமனையில் கட்டிப்போட்டு வைத்திருந்த ஒரு வழக்கறிஞர், பில் டாட்சன், ஜூலை 4-ல் தெளிந்து வெளியே வந்தார். பிறகு கூட்டம் சேர்ந்தது. புதிதாக வருபவரை டி. ஹென்றி வீட்டு மாடி அறைக்கு அழைத்துப் போவார்கள். டாக்டரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சுற்றி முழங்கால் போடுவார்கள். வந்தவரும் முழங்காலிட்டுத் தன் வாயால் தன்னை ஒப்புக்கொடுக்கவேண்டும். அப்படியே மூப்பர்கள் நோயாளியைச் சூழ்ந்து ஜெபிக்கும் யாக்கோபு நிருபக் காட்சி. ஆன் அவர்களுக்கு அந்த நிருபத்தை அடிக்கடி வாசித்துக் காட்டுவார். இயக்கத்துக்கு யாக்கோபு கிளப் என்றே பெயர் வைக்கலாம் என்று சிலர் கேட்டார்களாம்.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பில் குறைகளைப் பலர் முன்னால் சொல்வது வழக்கம். அது சிலருக்கு விடுதலை, சிலருக்குச் சித்திரவதை. மனைவி பிள்ளைகளின் மானமும் சேர்ந்து சந்திக்கு வந்துவிடும். கிளீவ்லாந்திலிருந்து கத்தோலிக்கக் குடிநோயாளிகள் வர ஆரம்பித்தபோது, குருவானவரிடம் அன்றி இப்படிக் கூட்டத்தில் பாவ அறிக்கை செய்யக்கூடாது என்று அவர்களுடைய குருக்கள் தடுத்தார்கள். 1939 மே மாதம் கிளீவ்லாந்துக்காரர்கள் பிரிந்து தனிக்கூட்டம் தொடங்கினார்கள். ஆக்ரன்காரர்களும் அந்த ஆண்டு குரூப்பிலிருந்து விலகினார்கள். நியூயார்க் அதற்கு முன்பே விலகியிருந்தது.

இதற்குச் சில மாதம் முன்னால், 1938 டிசம்பர் இரவொன்றில், பில் படுக்கையில் சாய்ந்தபடி பென்சிலும் தாளுமாக, அதுவரை வாய்வழக்காக இருந்ததை எண்களிட்டு எழுதினார். அரைமணி நேரத்தில் பன்னிரண்டு வந்தது. நாலாவதில் தன்னைத்தானே அஞ்சாமல் கணக்கெடுப்பது. ஐந்தாவதில் அதைக் கடவுளுக்கும் தனக்கும் இன்னொருவருக்கும் சொல்வது. கூட்டத்துக்கு அல்ல, ஒரே ஒருவருக்கு. ஏழாவதில் குறைகளை நீக்கும்படி கடவுளிடம் தாழ்மையோடு கேட்பது. ஒன்பதாவதில் ஈடுகட்டுவது. டாக்டர் பாப் காரில் சுற்றிய நாள் அந்த ஒன்பதாம் படிக்குள் இருக்கிறது. ஏழாம் படியில் முழங்காலிட்டு என்ற சொல்லும் முதலில் இருந்தது. கடவுள் நம்பிக்கையில் தடுமாறுபவர்கள் ஆட்சேபிக்க, எடுத்துவிட்டார்கள். கிறிஸ்தவளாக எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சொல் நீங்கியதால் எத்தனை பேர் வாசலைத் தாண்டி உள்ளே வர முடிந்தது என்பதையும் நினைக்கிறேன்.

இதே 1935-ல் கடலுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில், டீட்ரிக் போன்ஹோஃபர் இளம் போதகர்களுக்கு ஓர் இறையியல் பள்ளி நடத்திவந்தார். திருவிருந்துக்கு முன் ஒருவர் இன்னொருவரிடம் தனியே பாவ அறிக்கை செய்யும்படி லூத்தரன் மாணவர்களிடம் அவர் சொன்னபோது பலர் திகைத்தார்கள். முதலில் அவரே தன் மாணவர் ஒருவரிடம் அறிக்கை செய்தார். ஆக்ரனுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடவுளிடம் மட்டும் சொன்னேன் என்பவர் சிலசமயம் தன்னிடமே சொல்லித் தன்னையே மன்னித்துக்கொள்கிறார் என்பது போன்ஹோஃபரின் கவலை. ஏ.ஏ.வுக்கும் அதே கவலைதான்: தனியே செய்த கணக்கெடுப்பில் நாம் நமக்குச் சலுகை காட்டிவிடுவோம்.

1939 ஏப்ரலில் வெளிவந்த ஏ.ஏ.வின் புத்தகம் யாரிடம் சொல்லலாம் என்பதையும் நிதானமாகப் பேசுகிறது. பாவ அறிக்கை கடமையாக உள்ள சபையைச் சேர்ந்தவர் தன் குருவிடம் போகலாம். மருத்துவரிடம் போகலாம், வாயை இறுகக் கட்டிக்கொள்ளத் தெரிந்த நண்பரிடம் போகலாம். ஆனால் கேட்டால் நொறுங்கிப்போகக்கூடிய மனைவியிடமோ பெற்றோரிடமோ கொட்டிவிட்டுத் தன் பாரத்தை இறக்கிக்கொள்ளக்கூடாது. இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டுத் தப்பிக்க நமக்கு உரிமை இல்லை. கேட்டதை வெளியே விடும் பாஸ்டரும் மூப்பரும் நம் ஊரில் எத்தனை குடும்பங்களைக் குலைத்திருக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையின் அருமை தெரியும்.

டாக்டர் பாப் பிறகு ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில் சிஸ்டர் இக்னேஷியாவோடு கைகோத்தார். முன்பு இசை ஆசிரியை. நரம்புத் தளர்ச்சியால் விழுந்து எழுந்தவர் என்பதால் அனுமதிப் பிரிவு மேசைக்கு மாற்றப்பட்டிருந்தார். குடிகாரர்களைச் சேர்க்க மருத்துவமனைகள் முகம் சுளித்த காலம். 1939 ஆகஸ்டில் வயிற்று அழற்சி என்று எழுதி முதல் நோயாளியைச் சேர்த்தார் சிஸ்டர். பேச வருபவர்களோடு தனியே இருக்க இடம் வேண்டுமென்று டாக்டர் கேட்க, நோயாளிகளுக்கு வரும் பூக்களை அடுக்கும் சின்ன அறைக்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். 1950-ல் சாகும்வரை டாக்டர் 5,000 பேருக்கு மேல் காசு வாங்காமல் பார்த்தார். கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் சிஸ்டர் ஒரு திரு இருதயப் பதக்கத்தைக் கொடுப்பார். மறுபடி குடிப்பதென்று முடிவு செய்தால், முதலில் இதைத் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுக் குடி என்பார்.

பில்லுக்கு மட்டும் பாரம் இறங்கவில்லை. ஐந்தாம் படியை எழுதியவரே அவர்தான், இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது, அவருக்கோ பணமில்லை, சொந்த வீடில்லை, மனம் சோர்ந்து கிடந்தது. 1940-ன் இறுதியில், நியூயார்க்கில் ஏ.ஏ. கூடும் கட்டடத்தின் மாடி அறையில் வயிற்றுவலியோடு படுத்திருந்தார். வெளியே பனியும் மழையும். செயின்ட் லூயிசிலிருந்து ஒரு நாடோடி வந்திருக்கிறான் என்று காவல்காரர் சொன்னார். இன்னொரு குடிகாரன் என்று நினைத்து, சரி வரச்சொல் என்றார் பில். ஒரு மனிதர் கைத்தடியை ஊன்றி மெல்ல மாடி ஏறி வந்து, நனைந்த கோட்டைக் கழற்றியபோது கழுத்தில் குருக்கள் அணியும் வெள்ளைப்பட்டி தெரிந்தது. இயேசு சபைக் குரு எட் டௌலிங். மூட்டுவாதத்தில் முதுகு இறுகியவர். பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமையைக் கண்டு, எங்கிருந்து எடுத்தீர் என்று கேட்க வந்திருந்தார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது என்றார் பில்.

அந்த இரவு பில் தன் ஐந்தாம் படியை மறுபடி செய்தார். எபியிடம் சொன்னதையும், அதன்பிறகு சேர்ந்ததையும், யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததையும் அந்தக் குருவிடம் சொன்னார். தனக்கு நிம்மதியே வராதா என்று கேட்டதற்கு, வராது என்பதுபோலத்தான் டௌலிங் பதில் சொன்னார்: நீதியின்மேல் பசிதாகமுள்ளவர்களுக்கு அந்தத் தாகம் இந்த உலகத்தில் தணிவதில்லை, அதைக் குடியால் தணிக்கப் பார்த்தது மட்டும்தான் தவறு. பில் கத்தோலிக்கர் ஆகவில்லை. டௌலிங் குடிநோயாளி அல்ல. 1960-ல் டௌலிங் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் பில் தன் சோர்வையும் தவறுகளையும் அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தார்.